ஆபீஸ் நாற்காலியை விட்டு எழாமல் வறுமைக்கு எதிராக என்ன செய்யலாம்?

கேள்வி கேட்டவர் சென்னை ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். வயது 31. கைக்கு வருவது மாதம் 85,000, அதில் வீட்டுக் கடன் தவணையும் போகிறது. "உலகத்தில் இத்தனை கோடிப் பேர் பசியோடு இருக்கும்போது நான் ஏசியில் உட்கார்ந்து எக்செல் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்னைப் போன்றவனால் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா, இல்லை வேலையை விட்டுவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர வேண்டுமா? மாதம் ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் சிரிப்பார்களா?" என்று கேட்டிருக்கிறார். வழிகளின் பட்டியல் வேண்டுமென்றால் தேடினால் நூறு கிடைக்கும். அவர் கேட்பது அது இல்லை என்று நினைக்கிறேன். இருக்கிற இடத்தில் இருந்தபடி செய்வது கணக்கில் சேருமா என்பதுதான் அவரை அரிக்கிறது.

சேரும். ஆனால் அதைச் சொல்லும் நான் யார் என்பதையும் வைத்துதான் நீங்கள் இதை எடைபோட வேண்டும். பதினோரு வருடம் திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனித்து முடிக்கிறவனாக இருந்தேன். அப்புறம் ஒன்பது வருடமாகக் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு வழக்குப் பார்க்கிறேன். பணம் கிளம்புகிற மேஜையையும் பார்த்திருக்கிறேன், போய்ச் சேருகிற மேஜையையும் பார்த்திருக்கிறேன். ஆப்பிரிக்காவுக்குப் போனதில்லை, பொருளாதாரம் படித்தவனும் இல்லை. கென்யாவைப் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டது. திருப்பூரையும் ரசீதுப் புத்தகத்தையும் பற்றிச் சொல்வது நேரில் கண்டது.

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். மிக வறுமை என்பதற்கான கோட்டை உலக வங்கி 2025 ஜூனில் நாளுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. இது பேங்கில் மாற்றுகிற டாலர் இல்லை, அந்தந்த நாட்டு விலைவாசியைச் சரிக்கட்டிய டாலர். நம் ஊர்க் கணக்கில் 2021 விலைக்கு ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு அறுபது ரூபாய்ச் சொச்சம். அரிசி, வாடகை, பஸ், மாத்திரை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அப்படி வாழ்கிறவர்கள் உலகத்தில் சுமார் 80 கோடிப் பேர், அவர்களில் பெரும்பகுதி சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில். இதில் தனி ஆளின் நன்கொடைக்கு உள்ள எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சீனாவில் நாற்பது வருடத்தில் ஏறக்குறைய 80 கோடிப் பேர் வறுமையிலிருந்து வெளியே வந்தார்கள். அது யாரும் உண்டியல் குலுக்கி நடந்ததில்லை. விளைச்சல், தொழிற்சாலை, சாலை, அரசாங்கக் கொள்கை என்று பெரிய சக்கரங்கள் சுழன்று நடந்தது. உங்கள் பணம் அந்தச் சக்கரத்தைச் சுற்றாது. ஒரு குடும்பத்தின் ஒரு வருடத்தை மாற்றும், சில இடங்களில் ஒரு குழந்தையின் உயிரைக் காப்பாற்றும். அந்த அளவில் எதிர்பார்த்தால் ஏமாற்றம் இருக்காது.

ஆபீஸ்காரர்களிடம் இருக்கிற முதல் ஆயுதம் சம்பளம். இரண்டாவது, எண்களைச் சந்தேகப்படுகிற பழக்கம். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவில் நடந்தது. ஹோல்டன் கர்னாஃப்ஸ்கி, எலி ஹாசன்ஃபெல்ட் என்று இரண்டு பேர் ஒரு முதலீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2006 வாக்கில், கூட வேலை பார்த்த சிலரோடு சேர்ந்து, எந்த அமைப்புக்குக் கொடுத்தால் பணம் அதிகம் வேலை செய்யும் என்று தேட ஆரம்பித்தார்கள். வேலை நேரத்தில் பங்குகளை அலசுகிற அதே புத்தியைத்தான் இதிலும் காட்டினார்கள். அமைப்புகளைக் கேட்டால் படம் போட்ட புத்தகம் வந்ததே தவிர, இத்தனை ரூபாய்க்கு இவ்வளவு பலன் என்ற பதில் வரவில்லை. அதனால் 2007-ல் வேலையை விட்டுவிட்டு கிவ்வெல் என்ற ஆய்வு அமைப்பைத் தொடங்கினார்கள். இன்று அவர்கள் சிபாரிசு செய்வது கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய சில அமைப்புகளைத்தான். மலேரியா தடுப்புக்குக் கொசுவலை கொடுப்பது அதில் ஒன்று. ஒரு வலையைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஐந்தாறு டாலர் ஆகிறது. ஓர் உயிரைக் காப்பாற்ற ஆகும் செலவு என்று அவர்கள் போடும் மதிப்பு ஏறக்குறைய 5,000 டாலர், நம் பணத்தில் நாலரை லட்சத்துக்கு அருகில். இது மதிப்பீடுதான், தராசில் நிறுத்தது இல்லை. ஆனாலும் உங்கள் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு வருடத்துக்கு 1,02,000 வருகிறது. கூட்டிப் பாருங்கள்.

கொசுவலையை உறுதியான பக்கத்தில் வைக்கிறேன். மலேரியாவில் வருடத்துக்குச் சுமார் ஆறு லட்சம் பேர் இறக்கிறார்கள், பெரும்பாலும் ஆப்பிரிக்கக் குழந்தைகள். வலை அதைக் குறைக்கிறது என்பதில் சண்டை இல்லை. நேரடியாகப் பணம் கொடுப்பதும் உறுதியான பக்கம்தான். "கையில் காசு கொடுத்தால் குடித்துத் தீர்த்துவிடுவார்கள்" என்று நம் டீக்கடை பெஞ்ச் முதல் போர்டு ரூம் வரை சொல்வார்கள். கென்யாவின் சியாயா பகுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குத் தலா சுமார் ஆயிரம் டாலர் செல்போன் வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்கள் மட்டுமல்ல, பணம் வாங்காத அண்டை வீட்டுக்காரர்களின் வருமானமும் ஏறியது. உள்ளே வந்த ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூரில் சுமார் இரண்டரை டாலர் அளவுக்குப் பொருளாதாரம் அசைந்தது, விலைவாசியோ ஏறவே இல்லை என்று சொல்லலாம். வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002-ல் தொடங்கிய முறையும் நின்று காட்டியிருக்கிறது. பரம ஏழைக் குடும்பத்துக்கு ஒரு மாடோ நாலு ஆடோ கொடுத்து, அது பலன் தரும்வரை சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பணமும் கொடுத்து, சேமிப்புப் பழக்கி, இரண்டு வருடம் தவறாமல் வீட்டுக்கு ஆள் போய்ப் பார்ப்பது. இந்தியா உட்பட ஆறு நாடுகளில் சோதித்து 2015-ல் முடிவு வந்தது. மேற்கு வங்கத்தில் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோதும் பலன் கரையவில்லை. ஆடு கொடுத்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு வருவது வேறு, இது வேறு. அந்த இரண்டு வருட வீட்டு நடைதான் செலவு பிடிக்கிற பகுதி. கொடையாளர்கள் கத்தரிக்கச் சொல்வதும் முதலில் அதைத்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன விஷயம். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தில் நாற்பது வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வெளியான முடிவு: கண்ணாடி போட்டவர்களின் கொழுந்து பறிப்பு, போடாதவர்களைவிட ஏறக்குறைய 22 சதவீதம் கூடியது. உங்கள் ஆபீஸில் நாற்பதைத் தாண்டிய எத்தனை பேர் கண்ணாடி இல்லாமல் எக்செல் பார்க்க முடியும்? எடை பார்த்துக் கூலி வாங்குகிற அந்த அம்மாவுக்கும் அதே கண்தான்.

இனிச் சந்தேகமான பக்கம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 முதல் கென்யாவின் பூசியா பகுதியில் 75 பள்ளிகளில் நடந்த ஆய்வு, பள்ளிக்கு வராமல் போவது கால் பங்கு குறைந்தது என்றது. 2015-ல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவை எடுத்துக் கணக்கில் பிழைகள் இருப்பதைக் காட்டினார்கள், பெரிய சண்டையே நடந்தது. பிறகு அந்தப் பிள்ளைகள் பெரியவர்களானதும் தேடிப்போய்ப் பார்த்ததில் அவர்களின் வருமானம் கொஞ்சம் கூடியிருப்பது தெரிந்தது. இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மாத்திரை மிக மலிவு என்பதால், பலன் நிச்சயமில்லாவிட்டாலும் பந்தயம் கட்டலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தப் பக்கம்தான். நம் நாட்டில் இதற்கு உங்கள் பணம் தேவையில்லை, 2015 முதல் அரசே தேசியக் குடற்புழு நீக்க நாள் வைத்துக் கொடுக்கிறது.

சிறுகடன் இன்னொன்று. வங்கதேசத்தில் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுத்துப் பேர் வாங்கிய முகமது யூனுஸுக்கு 2006-ல் நோபல் கிடைத்தபோது, கடன் கொடுத்தால் வறுமை ஓடிவிடும் என்று எல்லோரும் நம்பினோம். ஹைதராபாத் குடிசைப் பகுதிகளில் பொருளாதார அறிஞர்கள் பானர்ஜி, டுஃப்ளோ குழு செய்த ஆய்வில், ஏற்கெனவே தொழில் வைத்திருந்தவர்கள் கொஞ்சம் விரிவாக்கினார்கள், மற்றபடி சராசரிக் குடும்பத்தின் செலவழிக்கும் திறன் ஏறவில்லை என்று வந்தது. 2010-ல் ஆந்திராவில் தவணை வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் வரை போய், அரசு அவசரச் சட்டம் போட்டது. எங்கள் பக்கத்திலும் குழுக் கடன் வசூல் நாளென்றால் சில வீடுகள் பூட்டியிருக்கும். உள்ளே ஆள் இருப்பார்கள். கடன் சிலருக்கு உதவும், ஆனால் வறுமைக்கு மருந்து என்று அதை நான் சொல்ல மாட்டேன்.

அழகான யோசனைகளில் ஏமாந்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவில், குழந்தைகள் ராட்டினம் சுற்றினால் நிலத்தடி நீர் மேலே வரும்படி ஒரு பம்பு வந்தது. 2000-ல் உலக வங்கிப் பரிசு, 2006-ல் அமெரிக்காவில் ஒரு கோடியே அறுபது லட்சம் டாலருக்கு மேல் நிதி அறிவிப்பு. ஒன்று வைக்கச் சுமார் 14,000 டாலர், அந்தப் பணத்தில் நாலு கைப்பம்பு போடலாம். பிள்ளைகளுக்கு விளையாட்டு அலுத்ததும் பெண்கள்தான் குனிந்து அந்த ராட்டினத்தைத் தள்ளினார்கள். பளபளப்பான படவிளக்கம் பார்த்து மயங்குவது ஆபீஸ்காரர்களுக்கே உரிய நோய் என்பதால் சொல்கிறேன்.

கொடுக்கிற முறையைப் பற்றி, கணக்கு எழுதுகிறவனாகக் கொஞ்சம். இந்தியாவில் வசிக்கிறவர் வெளிநாட்டுத் தொண்டு அமைப்புக்கு வங்கி வழியாக நன்கொடை அனுப்பலாம், ரிசர்வ் வங்கி அனுமதிக்கிற வருடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரம்புக்குள். ஆனால் அதற்கு 80ஜி வரிச்சலுகை கிடையாது. உள்நாட்டில் பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் உண்டு, பெரும்பாலும் கொடுத்ததில் பாதிக்கு, அதுவும் நீங்கள் பழைய வரி முறையில் இருந்தால் மட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை போய்விடும். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு: "இந்தப் பணம் நேராகப் பயனாளிக்கே போக வேண்டும், நிர்வாகத்துக்கு ஒரு ரூபாய்கூட கூடாது" என்று நிபந்தனை போடாதீர்கள். வீட்டுக்கு வீடு போகிற களப்பணியாளரின் பஸ் காசும் எங்கள் பேரேட்டில் நிர்வாகச் செலவாகத்தான் விழும். கம்பெனிகள் லாபத்தில் ஒரு பகுதியைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிற சிஎஸ்ஆர் விதியில், நிர்வாகச் செலவுக்கு ஐந்து சதவீத வரம்பு ஒன்று இருக்கிறது. அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் செலவுக்கானது. அதை எங்களுக்கான வரம்பு என்று நினைத்துக்கொண்டு பட்ஜெட்டைத் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு விளக்கக் கடிதம் எழுதியே எனக்கு வருடத்தில் சில நாட்கள் போகும். உங்கள் ஆபீஸில் சிஎஸ்ஆர் பார்க்கிறவர் யாரென்று தெரிந்தால், ஒரு டீ வாங்கிக்கொடுத்து இதைச் சொல்லுங்கள். பெரிய நன்கொடைதான் அது.

தன்னார்வ நாள் பற்றியும் கேட்பீர்கள். எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி ஒன்றின் மதிலுக்கு ஒரே வருடத்தில் மூன்று கம்பெனிகள் வண்ணம் அடித்தன. இரண்டாவது முறை அடித்த ஒட்டகச்சிவிங்கியை மூன்றாவது கம்பெனி சுண்ணாம்பு பூசி அழித்துவிட்டு யானை வரைந்தது. தலைமையாசிரியர் மூன்று தடவையும் சால்வை போட்டார். கழிப்பறைக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்று அவர் கேட்டது யார் காதிலும் விழவில்லை, குழாய் படத்தில் நன்றாக வராதே. பழைய துணி மூட்டைகளும் இதே கதைதான். பிரித்து அடுக்க இரண்டு ஆள் கூலி போகும், பாதி கிழிசல். நேரம் கொடுக்க வேண்டுமென்றால், சம்பளத்துக்கு எதைச் செய்கிறீர்களோ அதையே கொடுங்கள். ஒரு டெவலப்பர் நாலு சனிக்கிழமை உட்கார்ந்து எங்கள் பயனாளிப் பட்டியலில் ஒரே ஆள் மூன்று எழுத்துக்கூட்டலில் மூன்று முறை வருவதைச் சரிசெய்து கொடுத்தார். அதற்கு முன் அந்த வேலையை நான் ஸ்கேல் வைத்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதுவரை சொன்னது சம்பளமும் திறமையும். எல்லோரும் தாண்டிப் போகிற இடம் உங்கள் மேஜை. திருப்பூரில் வாரச் சம்பளம், சனிக்கிழமை மாலை கைக்கு வந்தாக வேண்டும். வெளிநாட்டு பையர் ஆபீஸிலிருந்து வியாழக்கிழமை மாலை ஒரு மெயில் வரும்: காலர் நிறம் மாற்றம், ஷிப்மென்ட் தேதியில் மாற்றமில்லை. எழுதியவருக்கு அது இரண்டு வரி. இங்கே அது வெள்ளியும் சனியும் ஒன்றரை ஷிப்ட், சில சமயம் ஞாயிறும். செக்கிங் டேபிளில் நிற்கிற பெண் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வருவாள். அந்த மெயில் எழுதியவர் கெட்டவர் இல்லை, அவரும் ஆபீஸ்காரர்தான், மாதக் கடைசியில் அவருக்கும் நன்கொடை போகிறதோ என்னவோ. 2013 ஏப்ரல் 24-ல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் விழுந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்ததை நினைத்துப் பாருங்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல். கீழ்த்தளத்தில் இருந்த வங்கிக் கிளை ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. மேலே இருந்த தையல் தொழிலாளர்களை மறுநாள் வேலைக்கு ஏறச் சொன்னார்கள். ஆர்டர் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதன் பிறகு 200-க்கும் மேற்பட்ட பிராண்டுகள் சட்டப்படி கட்டுப்படுத்தும் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வாங்குகிற இடத்தில் இருப்பவர்கள் நினைத்தால் மாற்ற முடியும் என்பதற்கு அதுவும் சாட்சி.

உங்கள் கம்பெனி துணி வாங்காது. ஆனால் யாரோ ஒருவரிடம் சாப்பாடு, பேனர், டீ ஷர்ட், நாற்காலி ரிப்பேர் வாங்கும். குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006 சட்டம். தாமதித்தால் அந்தச் செலவை அந்த வருட வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2024 ஏப்ரலிலிருந்து இன்னும் இறுக்கியிருக்கிறார்கள். அப்படியும் "அப்ரூவல் பெண்டிங்" என்று பில் யாருடைய இன்பாக்ஸிலாவது தூங்கும். அது உங்கள் இன்பாக்ஸா என்று பாருங்கள். திருப்பூரில் எங்களிடம் ஜாப் ஒர்க் எடுத்த ஒரு சின்ன யூனிட்காரர் சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு என் ஆபீஸ் வாசலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பார். செக் கிடைக்காவிட்டால் அவருடைய பதினெட்டுப் பேருக்கு அந்த வாரச் சம்பளம் இல்லை. அந்தத் தாமதத்தில் இரண்டு முறையாவது காரணம் நான். வவுச்சரில் கையெழுத்துப் போடாமல் லீவில் போயிருந்தேன்.

வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அண்ணனையும் தரை துடைக்கிற அக்காவையும் இதில் சேருங்கள். அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். மாதம் 21,000 வரை வாங்குகிறவருக்கு இஎஸ்ஐ என்ற மருத்துவக் காப்பீடு உண்டு, சம்பளத்தில் அவர் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25. பிடித்த பணத்தைக் கட்டாமல் விடும் ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள், அப்போது உங்கள் கம்பெனிக்கும் பொறுப்பு உண்டு. அந்த அக்காவின் பிஎஃப் பணம் ஏறுகிறதா என்று அரசின் உமங் செயலியில் அவருக்கே எடுத்துக் காட்டப் பத்து நிமிடம் ஆகும். உலக வறுமைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்த ஒரே மாதத்தில் கோட்டுக்குக் கீழே போன குடும்பங்கள் எங்கள் பதிவேட்டில் நிறைய. இஎஸ்ஐ அட்டை இருந்திருந்தால் அதில் சிலர் போயிருக்க மாட்டார்கள்.

வேலையை விடலாமா என்பதற்கு வருகிறேன். விடாதீர்கள், இப்போதைக்கு. கிராமத்தில் களப்பணிக்கு ஆள் கிடைப்பதில் எங்களுக்குக் கஷ்டமில்லை. அந்த ஊர்ப் பாஷையும் சாதிக் கணக்கும் தெரிந்த உள்ளூர்ப் பெண்கள் உங்களைவிட நன்றாகவே செய்வார்கள். அவர்களுக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்கத்தான் எங்களிடம் நிச்சயமான பணம் கிடையாது. நீங்கள் வந்தால் ஒரு சம்பளம் கூடும், ஒரு நன்கொடை குறையும். நான் விட்டேனே என்றால், எனக்குத் திருப்பூரில் முதுகு போய்விட்டது, அதில் தியாகம் எதுவும் இல்லை. தரவு, நிதி, கொள்முதல் என்று எங்களுக்கு ஆளே கிடைக்காத வேலை ஒன்று உங்களுக்குக் கைவந்து, உங்கள் கடனும் முடிந்திருந்தால், அப்போது மறுபடி கேளுங்கள்.

கடைசியாக, ஐந்நூறு ரூபாய். சிரிக்க மாட்டார்கள். வருடக் கடைசியில் ஒரே தடவை வருகிற 6,000-ஐவிட மாதம் வருகிற 500 எங்களுக்கு நல்லது. ஏப்ரலில் உட்கார்ந்து பட்ஜெட் போடும்போது அதை வருமானம் என்று எழுத முடியும். சம்பளம் வந்த மறுநாளுக்கு வங்கியில் தானாகப் போகும்படி போட்டுவிடுங்கள், கடன் தவணை போல. பான் எண்ணை முதல் மாதமே அனுப்பிவிடுங்கள். நன்கொடையாளர் பட்டியலை மே 31-க்குள் வருமான வரித்துறைக்கு ஏற்ற வேண்டும். ஒவ்வொரு வருடமும் மே 28 வாக்கில் நான் நாற்பது பேருக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டிருப்பேன்.